கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம்

இந்தப் பகுதியில் கேட்டவர்களின் பெயரை அச்சிடுவதில்லை, ஊர் மட்டும்தான். முதல் கேள்விக்கு ஊரும் இல்லை.

? வாழவே பிடிக்கவில்லை. இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதலாமா என்று தெரியவில்லை.

எழுதியது நல்லது. அதனால்தான் மற்ற எல்லாக் கேள்விகளையும் தள்ளிவைத்துவிட்டு உங்களிடம் முதலில் வருகிறேன். இதைப் படிக்கிற இந்த நிமிடமே 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் அது. இரவானாலும் பகலானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டாம். எனக்கு எழுதிய முதல் வாக்கியத்தையே சொல்லுங்கள், போதும். இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தானது ஏதாவது இருந்தால் அதை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. கடன் கேட்பதைப்போலக் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டாம். உதவி உங்கள் உரிமை.

? கவுன்சலிங் என்றால் ஆறுதல் சொல்வதுதானே? அதை எங்கள் அத்தையே செய்வாரே! (ராஜபாளையம்)

அத்தையை விட்டுவிடாதீர்கள். ஆனால் அத்தைக்கு உங்கள் அப்பாவையும் தெரியும், மாமியாரையும் தெரியும். சொன்னால் அவர் தூக்கம் கெடும் என்றே பாதியை மறைப்பீர்கள். உங்கள் கல்யாணத்திலோ சொத்திலோ எனக்கு ஒரு பங்கும் கிடையாது. அதுதான் என் முதல் தகுதி.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறுதல் சில நோய்களை வளர்த்துவிடும். பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரி என்கிறார்கள் என்று வருகிறவர்கள் ஏராளம். "பஸ் வேண்டாம்மா, ஆட்டோவில் போ" என்பார் அத்தை. பாசம்தான். ஆனால் விலகிப்போகும் ஒவ்வொரு முறையும் "நல்லவேளை, தப்பித்தோம்" என்று மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் ஆட்டோவும் பயமாகிவிடும்.

நான் உங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். முதலில் நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு இறங்குவீர்கள். பிறகு ஒரு ஸ்டாப், பிறகு கூட்ட நேரத்தில் இரண்டு ஸ்டாப். படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும். அதை நான் ஆயிரம் முறை எடுத்துச் சொன்னாலும் பயனில்லை, உங்கள் உடம்பே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924-ல் எழுதினார். அவனுக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் அதைத் தடவிக்கொடுத்தான். நூறு வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

? மனநல மருத்துவர், கிளினிகல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலர். யாரிடம் போவது? (ஓசூர்)

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிகல் சைக்காலஜிஸ்டான நான் மருந்து எழுதுவதில்லை. உளவியல் பரிசோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் என் வேலை. காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடவே மறுக்கிறார் என்றால் மருத்துவரிடம் முதலில் போங்கள். பல நேரம் இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டியிருக்கும். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டியவர், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்கே கோபப்படுகிறவரிடம் மனதைத் திறக்க வேண்டாம்.

? பிளஸ் டூ படிக்கிறேன். உங்களைப்போல ஆக என்ன செய்ய வேண்டும்? "மற்றவர் மனதைப் படிக்கலாம்" என்ற ஆசைதான் காரணம். (திருவாரூர்)

அந்த ஆசையை நுழைவாயிலிலேயே விட்டுவிட வேண்டியிருக்கும். யார் மனதையும் படிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுமையாகக் கேட்பதற்குத்தான் இத்தனை வருடப் படிப்பு. உளவியலில் இளங்கலை, முதுகலை, அதன்பின் மருத்துவமனையில் மூத்தவர்கள் மேற்பார்வையில் இரண்டு வருடப் பயிற்சி என்பதுதான் பல காலமாக இருந்த வழி. எம்.ஃபில். என்ற அந்தப் பட்டம் இப்போது மாற்றத்தில் இருக்கிறது. எந்தக் கல்லூரிக்குப் பணம் கட்டினாலும், கட்டுவதற்கு முன் அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் இரண்டும் இத்துறையின் பழைய தாய்வீடுகள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள், அது கடைசிவரை கூடவே வரும்.

சினிமாவில் காட்டும் சோபாவை மறந்துவிடுங்கள். ஆரம்ப வருடங்களில் பெரும்பகுதி பரிசோதனை மேசையில் போகும். பேச்சு வராத குழந்தை, படிப்பு ஏறாத குழந்தை, ஊனச் சான்றிதழுக்காக வெயிலில் வந்து காத்திருக்கும் தாய். இதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழில் பிறந்ததே அங்கேதான். 1896-ல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தபோது அவரிடம் வந்த முதல் பையனுக்கு இருந்த சிக்கல், எழுத்துக்கூட்டி எழுத வராததுதான்.

? வீடியோவில் சிகிச்சையா? கொரோனா காலத்துக் கட்டாயத்தை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? (கோவில்பட்டி)

கொரோனாவுக்கு அறுபது வருடம் மூத்தது அது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சி வழியாகக் குழுச் சிகிச்சை நடத்தினார்கள். 1964-ல் 112 மைல் தள்ளியிருந்த மருத்துவமனையை அதே முறையில் இணைத்தார்கள். திரையே இல்லாமல் தொலைவிலிருந்து நடந்த சிகிச்சை அதைவிடப் பழையது: ஃபிராய்ட் 1909-ல் எழுதிய சிறுவன் ஹான்ஸின் குதிரை பயம், பெரும்பாலும் பையனின் அப்பா வழியாகவே நடந்த சிகிச்சை. நம் ஊர்க் கதையையும் சொல்கிறேன். மனநலத் துறையில் இயங்கும் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே ஆலோசனைக்கு ஒரு தடுப்பறை, திரை, கூடவே மருந்தகம். நோயாளி அதில் உட்கார்ந்து சென்னையிலிருந்த மருத்துவரிடம் பேசினார், மருந்தையும் அங்கேயே பெற்றுக்கொண்டார்.

மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு வீடியோ வழிச் சிகிச்சை நேர்ச் சிகிச்சைக்கு ஏறக்குறைய இணையாகவே பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில விஷயங்களில் நேரைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன். கேஸ் மூடியிருக்கிறோமா என்று இருபது தடவை திரும்பிப்போய்ப் பார்க்கும் ஒருவர் என் அறைக்கு வந்தால் அங்கே கேஸ் அடுப்பே இல்லை. வீடியோவில் அவர் போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைக்கிறார். ஒரே ஒரு தடவை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்கு வருகிறார். அந்தப் பதற்றம் தணியும்வரை நான் கூடவே இருக்கிறேன். நோய் வசிக்கும் இடத்திலேயே வைத்தியம்.

எனக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. மேசைக்குக் கீழே ஆடும் கால் தெரியாது. குளித்து எத்தனை நாளாயிற்று, மது வாடை வருகிறதா என்பது தெரியாது. சிறு குழந்தைகளின் பரிசோதனை, உயிராபத்து, தீவிர மனச்சிதைவு என்றால் நேரில்தான் வரச் சொல்வேன். வீடியோவில் வருகிற எல்லோரிடமும் எடுத்தவுடன் கேட்பது: இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரமென்றால் நான் யாரைக் கூப்பிடட்டும்? சந்தேகத்தில் கேட்பதாக நினைக்காதீர்கள். திரையில் ஒருவர் அழுதுகொண்டே இணைப்பைத் துண்டித்தால், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

? கூட்டுக்குடும்பம். தனியறை எங்கள் படுக்கையறை மட்டும், அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. மாமியார் காதில் விழாமல் உங்களிடம் எப்படிப் பேசுவது? (கும்பகோணம்)

வந்த கேள்விகளிலேயே முக்கியமானது உங்களுடையதுதான் என்று நினைக்கிறேன். நெட்வொர்க் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது, சாத்திக்கொள்ள ஒரு கதவுதான் இல்லை. பெண் கதவைச் சாத்தினால் "யாரிடம் பேசுகிறாள்?" என்று கேட்கும் வீடுகளில்தான் பேச வேண்டியவை மலையாகக் குவிந்து கிடக்கின்றன.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். இயர்போன் போட்டுக்கொண்டால் என் பக்கப் பேச்சு யாருக்கும் கேட்காது. பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, "ஆமாம்", "இல்லை", "ஏழு", "மூன்று" என்று நீங்கள் பதில் சொல்லும்படி கேள்வியை நான் அமைத்துக்கொள்வேன். "நேற்றைய பயத்துக்குப் பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு நீங்கள் "எட்டு" என்றால், கேட்கிறவர்களுக்கு அது ஏதோ கணக்கு. வாயால் சொல்ல முடியாததைத் தட்டச்சு செய்யலாம். யாராவது அறைக்குள் வந்தால் "குக்கர் விசில் வந்துவிட்டது" என்று சொல்லுங்கள், அந்த நொடியே சமையல் பேச்சுக்கு மாறிவிடுவேன். மொட்டைமாடி, தோழி வீடு, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் அரைமணி எதுவானாலும் சரி, நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வோம். போனை வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள், நானாகச் செய்தி அனுப்ப மாட்டேன். வீட்டில் அடி உதை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு சின்ன அறை, ஒரு திரை, ஒரு நாற்காலி கொடுங்கள். "சளிக்கு மாத்திரை வாங்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து அரைமணி பேசிவிட்டுப் போக எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள்.

? கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாமா? (நாகர்கோவில்)

பேசலாம். முகத்தைக் காட்டும் தைரியம் பேசப் பேச வரும். முகத்தைக் காட்டிக்கொண்டு மௌனமாக இருப்பதைவிட இது மேல்.

? கல்லூரியில் படிக்கும் மகள் உங்களைப்போல ஒருவரிடம் போகிறாள். கட்டணம் கட்டுவது நான். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாமா? (ஈரோடு)

நீங்கள் கட்டுவது நேரத்துக்கு, ரகசியத்துக்கு அல்ல. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அந்த ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. அவள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தென்றால் மட்டும் சொல்லியாக வேண்டும், அதை அவளிடமும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. "என்ன பேசினாய்?" என்று கேட்காமல் "சாப்பிட்டாயா?" என்று மட்டும் சில மாதம் கேட்டுப் பாருங்கள். பல பெண்கள் அதற்கப்புறம் தாமாகவே அப்பாவிடம் வந்து உட்கார்கிறார்கள்.

? மந்திரிப்பது, தர்காவில் தங்க வைப்பது எல்லாம் தவறா? (ராமநாதபுரம்)

தொழுவது தவறே இல்லை, சங்கிலிதான் தவறு. உங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்கள் உட்பட 28 பேர் போனார்கள். இன்று அதே ஏர்வாடியில் துவாவும் தவாவும், அதாவது பிரார்த்தனையும் மருந்தும், பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

? இரவு இரண்டு மணிக்கு ஏ.ஐ. செயலியிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. இனி நீங்கள் எதற்கு? (சென்னை, கல்லூரி மாணவர்)

1966-ல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்த அவருடைய செயலாளரே அதனுடன் பேசும்போது "கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவரிடம் சொன்னாராம். மனிதருக்கு அந்தத் தனிமை எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். இரண்டு மணிக்கு நீங்கள் எழுதுவதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் போன வாரம் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தியதை நினைவில் வைத்து இந்த வாரம் கேட்பதும், "நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வதும் என் வேலை. நீங்கள் வராமல் போனால் கவலைப்படுவதும்தான். எழுதியதை எடுத்துக்கொண்டு வாருங்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

? நாள் முழுக்க அடுத்தவர் துயரம். உங்களுக்குப் பாரமாக இல்லையா? (மார்த்தாண்டம்)

பாரம்தான். அதனால்தான் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், ஆளை அடையாளம் காட்டாமல் மூத்த ஒருவரிடம் போய்ப் பேசும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அதை நிறுத்திய நாளில் நான் நோயாளிகளைப் பார்ப்பதையும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் பஸ்ஸைக் கண்டு நடுங்கிய ஒருவர் "மேடம், மதுரை வரை போய்விட்டு வந்தேன்" என்று டிக்கெட்டைக் காட்டும்போது வருகிற சந்தோஷம் வேறு எந்த வேலையில் கிடைக்குமோ, எனக்குத் தெரியாது.

? எத்தனை தடவை வர வேண்டும்? இழுத்துக்கொண்டே போவீர்களா? (சேலம்)

முதல் நாளே இதைக் கேளுங்கள். மனச்சோர்வுக்கான சிந்தனை-நடத்தைச் சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள். பாதியில் முன்னேற்றமே இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும், அல்லது உங்களை வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். அமர்வைவிட அதிகம் நடப்பது வீட்டில். உளப்பகுப்பாய்வில் பயின்று, பின்னர் இந்தச் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட ஆரன் பெக், 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கவனித்தபோது, அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத சின்னச் சின்ன எண்ணங்கள் மின்னலாக வந்துபோவதைக் கண்டுபிடித்தார். "பார்த்தும் பார்க்காமல் போனார், அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்ற மாதிரி. அவற்றைப் பிடிக்க ஒரே வழி எழுதுவது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், அதற்கு வேறென்ன காரணம் இருந்திருக்கலாம் என்று மூன்று கட்டம். நேரில் வந்தால் நோட்டைக் கொண்டு வாருங்கள், வீடியோ என்றால் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை.