ஃபோல்டர் சிகாமணி

ஓஎம்ஆர் சாலையில் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவராவது தென்படுவார். வேலைக்குச் சேர்ந்த வாரமே பழைய ப்ரோகிராமைத் திறந்து, முகம் சுளித்து, "யாருங்க இதை எழுதினது?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்பார். எழுதியவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

400 வரியில் ஒரு ஃபங்ஷனைக் கண்டால் அன்றிரவு சிகாமணிக்குத் தூக்கம் வராது. விடிந்து பார்த்தால் அது 40 ஃபைலாகியிருக்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் எத்தனை கிளைவழிகள் என்று எண்ணிச் சிக்கலை அளக்க 1976-இல் மெக்கேப் ஒரு கணக்குச் சொன்னார். பத்துக்குள் இருந்தால் நல்லது. நம்மவருடைய ஃபங்ஷன் எதுவும் இரண்டைத் தாண்டாது. அந்த ரிப்போர்ட்டை அச்செடுத்து மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டாள்:

"ப்ரோ, ஜிஎஸ்டி எங்க கணக்குப் போடுறோம்?"

"டாக்ஸ் மேனேஜர்ல பாரு."

"அது டாக்ஸ் ஹெல்பரைக் கூப்பிடுது."

"அப்ப ஹெல்பர்ல பாரு."

"அது டாக்ஸ் சர்வீஸைக் கூப்பிடுது. சர்வீஸ் ஃபேக்டரியைக் கூப்பிடுது ப்ரோ!"

"செமல்ல? ஒவ்வொருத்தருக்கும் ஒரே வேலைதான்!"

தாலுகா ஆபீசில் மனு நகர்கிற அழகு இது. எல்லா மேஜையும் பளிச்சென்று இருக்கும். முத்திரை குத்துகிறவர் எந்த மேஜை என்பதுதான் தெரியாது. எங்கும் சேராதவை 'காமன்' ஃபோல்டருக்குப் போகும். அது நிறைந்து இப்போது 'காமன் 2' நடக்கிறது.

ப்ரோகிராமை எப்படிப் பிரிப்பது என்று டேவிட் பார்னாஸ் 1972-இலேயே எழுதிவிட்டார். வேலை நடக்கும் வரிசைப்படி வெட்டாதே; நாளை மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரே இடத்தில் வைத்து மூடு என்பது அவர் கட்சி. சிகாமணி அந்தக் கட்டுரையை அறியாதவர் அல்லர். டீம் முழுவதற்கும் அனுப்பி வைத்தவரே அவர்தான். தலைப்பில் 'பிரிப்பது' என்று இருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு 2025 செப்டம்பர் 22 வந்தது. 12 சதவீத ஜிஎஸ்டியில் இருந்த பெரும்பாலான சரக்குகள் 5-க்கு இறங்கின. பழைய அவலட்சண ஃபங்ஷனில் வரி விகிதங்கள் தலைமாட்டில் ஒரே பட்டியலாக இருந்தன. மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். இப்போதோ பில்லில் ஒரு 12, ரிட்டர்னில் ஒரு 12, தள்ளுபடியில் ஒரு 12. சிகாமணி அசரவில்லை. எல்லா ஃபைலிலும் 12-ஐத் தேடிப் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக 5 ஆக்கினார். வருஷத்துக்கு எத்தனை மாதம் என்று 'காமன் 2'-இல் எழுதியிருந்த வரியும் அதில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் முதல் மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் ஒரு வருஷ வாரண்டி ஐந்தே மாதத்தில் முடியத் தொடங்கியது. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"அப்பவே சொன்னேன் சார்," என்றார் சிகாமணி. "மாசக் கணக்கையும் தனி ஃபோல்டராப் பிரிச்சிருக்கணும்."