சக்தி விற்கும் தம்பிக்கு

தம்பி, பஸ் வருமோ வராதோ என்று வீதியோரம் காத்துநிற்கிற கதிரவெளிக்கு உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து சேருகிறீர்களே, அதற்கே முதல் பாராட்டு. எந்த வைத்தியரும் இங்கே வீடு வீடாய் வந்து நலம் விசாரித்ததில்லை. நீங்கள் விசாரிக்கிறீர்கள். பாயில் அமர்ந்து, தந்த தேத்தண்ணியைக் குடித்து, ஆச்சியின் முழங்கால் நோவிலிருந்து பேரனின் சளி வரைக்கும் அவசரப்படாமல் கேட்கிறீர்கள். கிளினிக் வரிசையில் விடியமுதல் போய் நின்றவளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. உங்களிடம் ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இந்த ஊர் எவ்வளவு ஏங்கியிருக்கிறது என்பதை உங்களைப்போல் கண்டுபிடித்தவர் வேறு யாரும் இல்லை.

அறிவும் கொண்டுவந்தீர்கள். பீட்டா குளுக்கன் என்ற பெயரை எங்களுக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள்தான். ஈஸ்ட்டின் கலச்சுவரில் இருக்கும் நீண்ட சீனிச் சங்கிலி அது. பங்கசு ஒன்று உடம்புக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதையே அடையாளமாகக் கொண்டு எங்கள் வெண்குழியங்கள் விழித்துக்கொள்கின்றன. அதைப் பிடிக்கிற டெக்டின்-1 என்ற வாங்கியை 2001இல் விஞ்ஞானிகள் இனங்கண்டார்கள். நீங்கள் காட்டிய படத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் குழியம் விழித்தால் கதிரவெளியில் காய்ச்சல் வராது என்று உங்கள் வாயால் நீங்கள் சொன்னதும் இல்லை. படத்தோடு நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தை நாங்களே நினைத்துக்கொண்டோம்.

ஓட்ஸின் கதையையும் சொன்னீர்கள். அதுவும் உண்மை. நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் கிடைக்கும்படி ஓட்ஸ் சாப்பிட்டால் இதய நோய் ஆபத்து குறையக்கூடும் என்று பொதியில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதித்தது. ஆனால் நீங்கள் டப்பாவில் விற்கும் குளிசையில் இருப்பது ஈஸ்ட்டின் குளுக்கன். அதன் பிணைப்பு வேறு, வேலை வேறு, அளவும் 250 மில்லிகிராம். ஓட்ஸ் அண்ணன் உழைத்துத் தேடிய நல்ல பெயரை ஈஸ்ட் தம்பியின் பெயருக்கு இவ்வளவு சுத்தமாக எழுதிக்கொடுக்க ஒரு நொத்தாரிசாலும் முடியாது. அந்தத் தம்பியைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் குளுக்கன் தயாரிப்பு ஒன்று நோயெதிர்ப்புக்கு உதவுகிறது என்ற உரிமைகோரலை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2013இல் ஆராய்ந்து, காரணமும் விளைவும் நிறுவப்படவில்லை என்று எழுதியது. அதைச் சொல்லி எங்களைக் குழப்பாமல் விட்டீர்கள்.

இதே ஈஸ்ட் குளுக்கனை உலகின் பல இடங்களில் இறால் தீனியில் கலக்கிறார்கள். இறாலுக்குப் பிறபொருளெதிரி உண்டாக்க முடியாது, பிறவியிலேயே வந்த காவல் ஒன்றுதான் உண்டு. அதனால் அங்கே இதற்கொரு நியாயம் இருக்கிறது. பண்ணைக்காரர் எண்ணியும் பார்ப்பார்: எந்தக் குளத்தில் எவ்வளவு செத்தது, எவ்வளவு மிஞ்சியது என்று. எங்களை யாரும் எண்ணுவதில்லை. உங்கள் டப்பாவுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. வருத்தம் வராவிட்டால் டப்பா தடுத்தது. வந்தால், டப்பா இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். கொவிட்டைத் தடுக்கும் என்று கேகாலையில் தம்மிக்க பாணி செய்தவருக்கு இந்தப் பக்குவம் இருக்கவில்லை. 2020 டிசெம்பரில் தேனும் சாதிக்காயும் கலந்த அந்தப் பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. எல்லோரும் பார்க்க அதைக் குடித்த அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு 2021 ஜனவரியில் கொவிட் உறுதியானது. ஒரு நோயின் பெயரைச் சொன்னதால் பாணி அகப்பட்டது. நீங்கள் எந்த நோயின் பெயரையும் சொல்வதில்லை.

எங்கள் மருத்துவமாதுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. தராசையும் ஊசிக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு வருவார். எந்த ஊசி எந்த நோய்க்கு என்று பெயர் சொல்லித்தான் கொடுப்பார், காசும் வாங்கமாட்டார். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் இளம்பிள்ளைவாதம் இல்லை. சின்னமுத்தும் இங்கே ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார அமைப்பு 2019இல் அறிவித்தது. அதற்காக அவரைப் பாயில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்த வீடு எத்தனை? 2022இல் அவர் கையில் திரிபோஷா சத்துமாவே இல்லாமல் போனது. உங்கள் டப்பாவுக்கு அந்த வருடத்திலும் தட்டுப்பாடு வரவில்லை.

போன கிழமை பக்கத்து வீட்டுத் திண்ணையில் நீங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மனே, எனக்குச் சீனி வருத்தம். இது ஒத்துவருமா?”

“எல்லாத்துக்கும் நல்லம் அம்மா. இது மருந்தில்ல, சாப்பாடு. மூணு மாசம் விடாமப் போடுங்க.”

மருந்து என்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கேள்வி கேட்கும். சாப்பாடு என்றால் சோற்றோடு சேர்ந்துவிடும். ஒரே வசனத்தில் சட்டத்தையும் அம்மாவையும் சமாதானப்படுத்தினீர்கள். அவர் தோட்டை அடகுவைத்து மூன்று டப்பா வாங்கினார். நீங்கள் கேட்டு அவர் அதை அடகுவைக்கவில்லை. நுண்கடன் கட்டுகிற கிழமை என்பதால் கையில் வேறு காசு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த டப்பாக்கள் கண்ணாடி அலுமாரியில் வரிசையாய் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் கிளினிக் கொப்பி. மெட்ஃபோமினை அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிவிட்டார். நிறுத்தச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வயிறு எரிகிறது என்று அவரே எடுத்த முடிவு. விலை கூடியதைத்தானே மனிதர் விடாமல் போடுவார்கள்?

இவ்வளவு பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர் நீங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியையும் வாங்கிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் அவருடைய சீனி அளவு எழுதியிருக்கிறது. அதை அவருக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டிவிட்டு, நாலாவது டப்பாவை வெளியே எடுங்கள்.