கூரைக்குள் வராத செயற்கைக்கோள்

கேள்வி: விமான நிலைய வாசல் வரை வழி சொல்லும் கைப்பேசி, உள்ளே நுழைந்ததும் ஏன் திருதிருவென முழிக்கிறது?

பதில்: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுவது சுமார் 20,200 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போதே குற்றுயிராகத்தான் இருக்கும். மிச்ச உயிரைக் கான்கிரீட் கூரை வாங்கிவிடும். ஆகவே, உள்ளே போனதும் வேறு ஆளிடம்தான் வழி கேட்க வேண்டும்.

லண்டன் கேட்விக் விமான நிலையம் 2017-இல் சுமார் 2,000 புளூடூத் பீக்கன்களை, அதாவது சிக்னல் அனுப்பும் குட்டிக் கருவிகளைப் பொருத்தியது. அவற்றின் சிக்னல் வலிமையை வைத்துக் கைப்பேசி இடத்தைக் கணிக்கிறது. குறுக்கே கூட்டம் நின்றால் கணக்கு பிசகும். நம் உடம்பிலுள்ள தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற இன்னொரு ரேடியோ நுட்பம் இன்னும் கெட்டிக்காரன். வலிமையை நம்பாமல், அலை வந்துசேர எடுக்கும் நேரத்தை அளக்கிறது. ஒரு நானோ நொடிக்கு 30 செ.மீ. என்பது அதன் கணக்கு.

எத்தனையாவது மாடி என்பதைச் சொல்வது காற்றழுத்தமானி. பல கைப்பேசிகளில் அது இருக்கிறது. ஒரு மாடி, அதாவது மூன்று மீட்டர் ஏறினால், காற்றழுத்தம் ஏறக்குறைய 0.36 மில்லிபார் குறையும். அந்த இம்மியளவு வித்தியாசத்தையும் கண்டுபிடித்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பெரிய மலைப்பு!

விமான நிலையக் கடைக்கு வழி காட்டுவதோடு இந்த உள்ளரங்க வழிகாட்டி நின்றுவிடக் கூடாது. மருத்துவமனையில் பார்வையற்ற ஒருவர் யார் கையையும் பிடிக்காமல் எக்ஸ்ரே அறைக்குப் போய்ச்சேர இந்த நுட்பம் உதவும். பெரிய மருத்துவமனை கட்டுகிறவர்களே, பிளான் போடும்போதே பீக்கன்களுக்கும் இடம் ஒதுக்குங்கள்.