அஞ்சு நிமிஷ ரயிலும் அறுபது நாள் டிக்கெட்டும்

புணேயின் கோர்படியில் குடியிருக்கிறவனுக்கு ரயிலைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சோலாப்பூர் பாதை, இன்னொரு பக்கம் மிரஜ் பாதை, போதாதற்கு டீசல் ஷெட். காய்கறி வாங்கப் போனாலும் கேட், பிள்ளையைப் பள்ளியில் விடப் போனாலும் கேட். கேட் விழுந்ததும் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, வரப்போவது நாகர்கோவில் வண்டியா, சென்னை வண்டியா, வெறும் சரக்கு வண்டியா என்று பக்கத்து ஆட்டோக்காரரோடு பந்தயம் கட்டும் அளவுக்கு எங்களுக்கு ஞானம் உண்டு. அதனால், “இந்தத் தடவை ரயிலிலேயே வெளிநாடு சுற்றலாம், முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் ரொம்ப மலிவு” என்று நான் வீட்டில் அறிவித்தபோது யாரும் அதிர்ச்சி அடையவில்லை. என் மனைவி மட்டும், “எந்த ரயில்ல?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். தாதரிலிருந்து தாம்பரம் வரை எங்கே வேண்டுமானாலும் ரயிலில் போகலாம், எல்லையைத் தாண்டுவதுதான் கஷ்டம். லாகூருக்குப் போன சம்ஜௌதாவும் கராச்சிக்குப் போன தார் எக்ஸ்பிரஸும் 2019 ஆகஸ்டில் நின்றுபோயின. கொல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கு 2008இல் ஆரம்பித்த மைத்ரீ எக்ஸ்பிரஸ் 2024 ஜூலையில் நின்றது. பீகாரின் ஜெயநகரிலிருந்து நேபாளத்து ஜனக்பூருக்கு ஒரு சின்ன வண்டி 2022இலிருந்து ஓடுகிறது. சீதை பிறந்த ஊருக்குப் போவது புண்ணியம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் ‘ஃபாரின் டூர்’ என்று லீவு கேட்க முடியாது.

எதிர் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார், ரிட்டயர்டு ரயில்வே கார்டு. எங்கள் தெருவில் யார் எங்கே போவதாக இருந்தாலும் முதல் விசாரணை அவரிடம்தான். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அரே தம்பி, இதெல்லாம் எங்க அப்பா காலத்துலேயே பார்த்தாச்சு. எழும்பூர்ல போட் மெயில் ஏறினா தனுஷ்கோடி. அங்கே கப்பல். தலைமன்னார்ல இறங்கினா அந்தப் பக்கம் ரயில் ரெடி. நேரா கொழும்பு!” அவர் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அப்படித்தான் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போகும்வரை, பல நாட்டு ரயில் பயணம் என்பது தமிழனுக்கு சர்வசாதாரணம். இவ்வளவு விவரம் தெரிந்தவர் என்பதால், “சரி மாமா, இப்ப என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். “இப்ப பிளேன்ல போ” என்றார்.

முதலில் ஐரோப்பாவைத்தான் ஆராய்ந்தேன். அங்கே முன்பதிவு என்பதற்கே வேறு தர்மம். நம் ஊரில் முன்னாலேயே பதிவு செய்தால் இடம் கிடைக்கும், விலை மாறாது. (ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பரிலிருந்து டிக்கெட் தீரத் தீர விலையை ஏற்றுகிறார்கள், அது பணக்காரர் சமாச்சாரம்.) ஐரோப்பாவில் முன்னாலேயே பதிவு செய்தால் விலை குறையும், இடம் வேண்டுமானால் பல வண்டிகளில் அதற்குத் தனிக் காசு. மலிவு விலையில் கொஞ்சம் டிக்கெட்டுதான் விடுவார்கள். அது தீர்ந்ததும் அடுத்த விலை, அப்புறம் அதற்கும் மேலே. மூன்று மாதம் முன்னால் வாங்கியவரும் அன்றைக்குக் காலையில் வாங்கியவரும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், இரண்டாமவர் மூன்று மடங்கு, நாலு மடங்கு கொடுத்திருப்பார். யூரெயில் பாஸ் வாங்கிக்கொண்டால் தொல்லையில்லை என்றார்கள். பாஸ் இருந்தாலும் பிரான்சின் அதிவேக வண்டியில் இடத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. இதைச் சொன்னதும் மாமா கொதித்துப் போனார். “பாஸுன்னா பாஸு! அதுக்கு மேல காசு கேட்டா அது என்ன பாஸு?” வேலையில் இருந்த காலமெல்லாம் பாஸில் போய்வந்த மனிதரின் நியாயமான கோபம்.

அந்த மலிவு டிக்கெட்டில் ஒரு கண்ணி உண்டு. ரத்து செய்தால் பணம் வராது. குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும். இதற்கு நடுவே ஷெங்கன் விசா வேறு. விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ, விசா கிடைக்காவிட்டால் அதுவும் போச்சு. போக வரத் திட்டம், தங்குமிடம், பயணப் பதிவு எல்லாம் காட்டினால்தான் விசாவுக்கு வழி. விசா கைக்கு வந்தால்தான் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை நம்பி வாங்கலாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, ஷெங்கனை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதையும் தாண்டி வந்திருப்பேன். என்னை நிறுத்தியது குடும்பம். மலிவு டிக்கெட்டுக்காக அந்த ரயில்வேக்காரர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஆறு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை 9.32க்கு நீ எங்கே இருப்பாய்? ஜெர்மன்காரர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். (அவர் வண்டிதான் சொல்லாது. 2024இல் அந்த ஊர் தொலைதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடம் பிந்தினாலே அங்கே தாமதக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கோர்படியில் ஆறு நிமிடத்துக்கு ஆட்டோவின் என்ஜினைக்கூட அணைக்க மாட்டார்கள்.) எங்கள் வீட்டில் தேதி கேட்டால் வரும் பதில்கள் இவை: “ஆடி போகட்டும்.” “பெரியவளுக்கு யூனிட் டெஸ்ட் எப்போன்னு இன்னும் சொல்லலை.” “அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகணும்.” “நாத்தனார் பொண்ணுக்கு எப்ப வேணா நிச்சயம் ஆகலாம்.” அந்தப் பெண்ணுக்கு இன்னும் வரனே பார்க்கவில்லை. பணம் சேர்ப்பது சுலபம். ஒரே தேதிக்கு ஐந்து பேரைச் சம்மதிக்க வைப்பதுதான் உண்மையான செலவு, அதை எந்த நாட்டுக் கட்டணப் பட்டியலிலும் போடுவதில்லை.

ஆகவே தென்கிழக்கு ஆசியா. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து. மூன்று நாடு, தொடர்ச்சியான தண்டவாளம். சிங்கப்பூருக்கு மட்டும் விசா எடுத்தால் போதும், மற்ற இரண்டும் இப்போதைக்கு நம்மை விசா இல்லாமலே விடுகின்றன.

சிங்கப்பூரில் ஆரம்பித்து வடக்கே போவதாகத்தான் முதல் திட்டம். உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ‘ஷட்டில் தெப்ராவ்’ என்று ஒரு வண்டி, பாலத்தைக் கடக்க ஐந்து நிமிடம். ஏறி, பையை மேலே வைத்து, ‘உட்காருங்க’ என்று சொல்வதற்குள் அடுத்த நாடு வந்துவிடும். கட்டணம் ஐந்து. எந்தப் பக்கமிருந்து போனாலும் ஐந்துதான், ஆனால் சிங்கப்பூரில் ஏறினால் ஐந்து வெள்ளி, ஜோகூரில் ஏறினால் ஐந்து ரிங்கிட். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்ற கணக்கு என் மனைவிக்கு அரை நொடியில் வந்தது. “அப்ப எதுக்கு சிங்கப்பூர்ல ஏறணும்? பாங்காக்ல ஆரம்பிச்சு இறங்கி வருவோம்.” ஆளுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். அதற்காக மூன்று நாட்டுப் பயணத்தைத் தலைகீழாகத் திருப்பினோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திருப்பியதில் இன்னொரு கணக்கு வந்து மாட்டியது. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னே, மலேசியா இரண்டரை மணி முன்னே. எல்லையில் பாடாங் பெசார் ஸ்டேஷன். இரண்டு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கிறார்கள். இந்த ஜன்னலில் எட்டு மணி, அந்த ஜன்னலில் ஒன்பது. வடக்கே போகிறவனுக்கு அங்கே ஒரு மணி நேரம் இனாம். தெற்கே வருகிற எங்களுக்கு ஒரு மணி நேரம் தண்டம். கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்து ‘நம்ம டைம், தாய் டைம், மலேசியா டைம்’ என்று மூன்று பத்தி இழுத்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டு, ரயில்வேயில் 24 மணி நேரக் கடிகாரம் எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில் பச்சைப் பேனாவால் ஒரு திருத்தம் செய்தார். கோலாலம்பூர் வண்டியை அடுத்த வண்டிக்கு மாற்றினார். “கனெக்‌ஷன்னா ரெண்டு மணி நேரம் வேணும். உங்க குடும்பத்துக்கு ரெண்டரை.”

பாங்காக்கிலிருந்து இரவு வண்டி. 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர வண்டிகள் பழைய ஹுவா லம்போங்கை விட்டு குருங் தேப் அபிவட் என்ற புது ஸ்டேஷனுக்குப் போய்விட்டன, டாக்சிக்காரரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த வண்டியில் ஊழியரே வந்து படுக்கை விரித்துக் கொடுப்பார். லோயர் பெர்த்துக்கு அப்பர் பெர்த்தைவிட விலை அதிகம், ஏனென்றால் அகலம் அதிகம். இதைக் கேட்ட அத்தை திகைத்துவிட்டாள். லோயர் பெர்த் என்பது வயதுக்குக் கிடைக்கும் மரியாதை என்றும், கொடுக்காதவன் மனிதனே இல்லை என்றும் ஆயுள் முழுக்க நம்பியவள். அதற்கு விலை போட்டிருப்பது அவளுக்கு ஒப்பவில்லை. பிறகு, “என்ன வித்தியாசம் வந்துடப் போறது, எனக்குக் கீழேயே போடு” என்றாள்.

பாங்காக்கை விட்டுச் சிறிது தூரத்தில் நோங் பிளாதுக் சந்திப்பு வரும். சயாம்–பர்மா பாதை பிரிகிற இடம். ஜப்பானியர் 1942, 43இல் அந்தப் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் ஜன்னலருகே உட்கார வைப்பதாக இருக்கிறேன்.

தாய்லாந்து, மலேசியா டிக்கெட்டுகள் வீட்டில் உட்கார்ந்தபடியே கைக்கு வந்துவிட்டன. விமானமும் ஆயிற்று, சென்னையிலிருந்து பாங்காக், சிங்கப்பூரிலிருந்து சென்னை. மிச்சமிருந்தது புணேயிலிருந்து சென்னை. நம் முன்பதிவு 120 நாளாக இருந்து, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகிவிட்டது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் 365 நாள். அதாவது எவரோ ஒரு பெல்ஜியக்காரர் அடுத்த வருஷ தீபாவளிக்கு சென்னைக்கு இடம் பிடிக்கலாம், கோர்படிக்காரன் பிடிக்க முடியாது. அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு வீட்டில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். எட்டு ஐந்துக்குக் கிடைத்தது: மூன்று பேருக்கு பெர்த், எனக்கும் அத்தைக்கும் ஆர்.ஏ.சி. மூன்று நாட்டுத் திட்டத்தில் உறுதியாகாமல் நிற்பது எங்கள் வாசலில் போகும் வண்டி ஒன்றுதான்.

இன்னும் ஒன்று. மூன்று நாடுகளும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன, மூன்றுமே கடைசி மூன்று நாளுக்குள்தான். மாதக்கணக்கில் திட்டமிட்டவனுக்கும் நேற்று கிளம்பியவனுக்கும் அங்கே ஒரே மரியாதை.

நீங்களும் போவதாக இருந்தால் தெற்கு நோக்கி வாருங்கள். சிங்கப்பூர் விசாவை முதலில் எடுங்கள், அடுத்து தாய்லாந்து லோயர் பெர்த். ஜோகூர் அஞ்சு நிமிஷ வண்டியை அற்பமாக நினைத்துக் கடைசிக்கு விடாதீர்கள். சனி, ஞாயிறில் அதில் இடமே கிடைக்காது.