சைடு ஏ, சைடு பி

வயது அறுபதைத் தொட்டிருக்கும். கல்யாண வீட்டில் இன்னிசைக் கச்சேரி என்றால் மேடைக்கு நேர் எதிரே, ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். இடையிசையில் கீபோர்டுக்காரர் ஒரு துண்டை விழுங்கிவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும். "அங்க புல்லாங்குழல் வரணும்யா" என்று பக்கத்து நாற்காலிக்காரரை உலுக்குவார். அவர் மாப்பிள்ளையின் அப்பா என்பதெல்லாம் இவருக்குப் பொருட்டில்லை.

இவர்தான் கேசட் காலத்துக் காதலர். ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள்.

1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது கல்லூரியில் முதலாமாண்டு. மைக்கைப் பிடித்துக்கொண்டு மோகன் உருகியதைப் பார்த்ததும், காதலித்தே தீருவது என்று முடிவு செய்தார். யாரை என்பது பிற்பாடுதான் முடிவானது. திரையில் உருகியது மோகன், பாடியது எஸ்.பி.பி.; மெட்டு இளையராஜா; மோகனுக்குப் பல படங்களில் வசனம் பேசியவரோ எஸ்.என்.சுரேந்தர். இத்தனை பேர் கூடிச் செய்த வேலையை இவர் பஸ் ஸ்டாப்பில் ஒற்றை ஆளாகச் செய்யப் பார்த்தார். வாய் வரவில்லை. அதனால் கேசட் பதிந்து கொடுப்பது என்று தீர்மானம்.

இது லேசுப்பட்ட காரியமில்லை. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் ஆறு பாட்டு போக மூன்று நிமிடம் மிஞ்சும். அதில் ஏழாவது பாட்டைப் போட்டால் இரண்டாவது சரணத்தில் அறுந்துவிடும். சும்மா விட்டால் வெறும் இரைச்சல். சோகப் பாட்டை முதலில் வைத்தால் இப்போதே தோற்றுவிட்டது போலாகும், கடைசியில் வைத்தால் அபசகுனம். நோட்டில் எழுதி எழுதி அடித்த பட்டியலை ரிக்கார்டிங் சென்டரில் நீட்டியதும் கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். "லவ்வா தம்பி? அப்ப டீடிகே வாங்கிட்டு வா. மட்டமான டேப் சிக்கிக்கும்."

கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் குட்டியாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. இவர் உடைக்கவில்லை. பதில் பாட்டுகளை அவள் அதிலேயே பதிந்து அனுப்புவாள் என்று நம்பிக்கை.

அவளுடைய தம்பி கையில் போன கேசட், தம்பி கையிலேயே திரும்பி வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போட்டால், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். அது முடிந்ததும் இவர் பதிந்த கடைசி இரண்டு பாட்டுகள் மட்டும் பிழைத்துக் கிடந்தன. அவள் வேண்டுமென்றே விட்டுவைத்தாள் என்பது இன்றுவரை இவர் கட்சி. கவசம் சுமார் 20 நிமிடம்தான் ஓடும் என்பது நம் கட்சி.

அந்தப் பெண்ணின் இனிஷியல் என்ன என்று கேளுங்கள், விட்டத்தைப் பார்ப்பார். பி சைடில் மூன்றாவது பாட்டு எது என்று கேளுங்கள். படம், ஆண்டு, பாடியவர், இரண்டாவது இடையிசையில் வயலின் நுழையும் இடம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். காதலித்தது யாரை என்று நமக்கே சந்தேகம் வரும்.

1986-ல் 'மௌன ராகம்' வந்தது. அதே மோகன், இந்த முறை பொறுமையான கணவர். இவருக்கும் அடுத்த சில ஆண்டுகளில் வீட்டில் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். உடனே அந்த வேடத்தையும் தனக்கே எடுத்துக்கொண்டார். சஷ்டி கவசக் கதையை மனைவியிடம் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அந்த அம்மாளும் அரிசி களைந்தபடி 'ம்' கொட்டிக் கேட்பார். அந்தப் படத்து நாயகிக்கு இருந்ததுபோல் அவருக்கும் பழைய காதலனாக ஒரு கார்த்திக் இருந்திருக்கலாமே என்பது மட்டும் நம்மவர் புத்திக்கு எட்டியதே இல்லை.

டேப் ரிக்கார்டர் பரணில் கிடக்கிறது. பேரன் அத்தனை பாட்டையும் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். "எல்லாம் இருக்கு, ஆனா அந்த இரைச்சல் இல்லையே" என்று குறைப்படுகிறார்.

அடுத்த கல்யாணத்தில் இவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் ஒரு வேண்டுகோள். சாப்பிட்டு முடிக்கும்வரை அனிருத் பேச்சை எடுக்காதீர்கள். கடைசிப் பந்தியும் எழுந்துவிடும். இவர் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்து 1980-ஐக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.