தலைக்கவசமும் தலைமுடியும்: போபோடிச் சான்றுகளை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

இப்பொருள் குறித்து இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை என்று தொடங்குவது மரபு. யாருக்கும் தேவைப்படாததால்தான் செய்யவில்லை என்று எந்த நெறியாளரும் சொல்வதில்லை. சொன்னால் நம் பல்கலைக்கழகங்களில் பாதி அறைகளைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டிவரும். எனவே துணிந்து தொடங்குகிறேன்: ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமா?

முதலில் ஆய்வெல்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரே எல்லை சொல்லித்தான் ஆரம்பித்தார். இவ்வாய்வுக்கு ஒரு பக்கம் முளா நதிமேல் ஹாரிஸ் பாலம், மறுபக்கம் கட்கி ரயில் நிலையம். இடைப்பட்ட, புனே நகரத்துப் போபோடியே களம். பாலத்தைத் தாண்டினால் தாபோடி. அங்குள்ள தலைகள் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டவை என்பதால் விலக்கப்பட்டன.

அடுத்து வரலாற்றுப் பின்னணி. அது தேவையா என்று கேட்பவர் ஆய்வேடு எழுதியதில்லை என்று பொருள். 1817 நவம்பர் 5ஆம் நாள், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் கட்கியில் மோதின. அப்போரில் முடி உதிர்ந்தது பற்றிக் குறிப்பில்லை, தலைகளே உதிர்ந்தன. பின்னணி முற்றிற்று.

சிக்கல் உண்மையில் 2019 ஜனவரி 1 அன்று முளைத்தது. அன்றுமுதல் இருசக்கர வாகனம் ஓட்டும் எவரும் ஹெல்மெட் இல்லாமல் போகக் கூடாது என்று புனே போலீஸ் கெடுபிடி தொடங்கியது. மீறினால் 500 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு 1988 முதலே அதைத்தான் சொல்கிறது. ஆனால் சட்டம் இருப்பதும், அது தெருமுனையில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பதும் ஒன்றாகுமா? ஊர் கொதித்தது. எதிர்ப்பாளர்கள் புனேரிப் பகடி என்னும் தலைப்பாகை அணிந்து வண்டிகளில் ஊர்வலம் போனார்கள். தலையில் ஒன்றை வைக்கச் சொன்னதைக் கண்டித்து, தலையில் இன்னொன்றை வைத்துக்கொண்டு போன அறப்போர் உலக வரலாற்றில் அரிது. அந்தப் பகடி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டுமே உண்டு. தகுதி வேறுபாடு வெளிப்படை.

ஹெல்மெட்டுக்கு எதிரான வாதங்களில் கழுத்துவலி, காது கேளாமை, பக்கப் பார்வை மறைதல் ஆகியவை மேடையில் பேசப்படுபவை. மேடையில் பேசப்படாத, உள்ளத்தை உண்மையில் அரிக்கும் வாதம் ஒன்றே: முடி கொட்டுகிறது (சலூன், முதல் நாற்காலி). வேர் மூச்சுவிட முடியாமல் செத்துப்போகிறது என்றும் விளக்கம் உண்டு (தேநீர்க் கடை, பெஞ்சின் இடக்கோடி, மழை விடாத ஒரு மாலை, திருத்திய இரண்டாம் பதிப்பு, மறுநாள் காலை, அதே பெஞ்சு).

இனி வகைப்பாடு. தலையணிகள் போபோடியில் பின்வருமாறு.

காந்தி தொப்பி: பெரியவர்கள் அணிவது. காந்தி அதைச் சில ஆண்டுகளே அணிந்தார். 1921இல் மதுரையில் சட்டையோடு சேர்த்து விட்டுவிட்டார். நேரு விடவே இல்லை. இருவருக்கும் வழுக்கை. பெரும்பாலும் தொப்பி போடாத ராஜாஜிக்கும் வழுக்கை. தொப்பியால் வழுக்கை வந்ததா, வழுக்கையால் தொப்பி வந்ததா என்பது இங்கே எழும் நுட்பமான வினா. எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பி பற்றி இக்கட்டுரையாளர் எதுவும் சொல்வதாக இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

கம்பளிக் குல்லா: டிசம்பரில் மட்டும்.

ஷவர் கேப்: கள ஆய்வுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஹெல்மெட்: இது தலை ஹெல்மெட், முழங்கை ஹெல்மெட், டேங்க் ஹெல்மெட், கண்ணாடி ஹெல்மெட் என நால்வகைப்படும். இவற்றுள் முழங்கை ஹெல்மெட்டே விரிவான ஆய்வை வேண்டி நிற்பது. போபோடி சவுக்கு எனும் நாற்சந்தியில் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் நின்று நோக்கினால் (2023இல் இந்நிலையம் திறக்கப்பட்டது இவ்வாய்வுக்காகவே என்று நம்ப இடமுண்டு) இந்நகரத்து ஆண்கள் முழங்கையைப் பாதுகாப்பதில் காட்டும் அக்கறை புலப்படும். இடக்கை முழங்கையில் ஹெல்மெட் வளையல்போல் ஏறியிருக்கும். போலீஸ்காரர் கண்ணில் பட்டதும் கீழிருந்து மேலெழுந்து தலையில் அமரும். சிக்னல் தாண்டியதும் இறங்கிவிடும். தலையில் இருக்கும் நேரத்தைவிட முழங்கையில் இருக்கும் நேரமே அதிகம்.

இதிலிருந்து எழும் கருதுகோளை இதுவரை எந்தத் தோல் மருத்துவரும் சிந்திக்காதது வியப்பு. ஹெல்மெட்டுக்கு முடி உதிர்க்கும் ஆற்றல் உண்டெனில், அது முதலில் தாக்க வேண்டியது முழங்கையை. அங்கே முடி இருக்கிறது. வியர்வையும் உராய்வும் அழுத்தமும் இருக்கின்றன. ஆயினும் போபோடியில் வழுக்கை விழுந்த முழங்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மாற்றுத் தரப்பினர் டேங்க் ஹெல்மெட்டைச் சான்று காட்டக்கூடும்: நெடுங்காலம் ஹெல்மெட்டைச் சுமந்த பெட்ரோல் டேங்குகளில் ஒரு முடியும் இல்லையே என்பர். இது வலுவான வாதம். ஆனால் ஷோரூமிலிருந்து வந்த அன்றே அவற்றில் முடி இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டு (மேல்வீட்டு மாமி, மொட்டைமாடிச் சொற்பொழிவுகள், வடகம் காயும் பருவம், முதல் தொகுதி, காக்கை வந்ததால் இரண்டாம் தொகுதி முற்றுப்பெறவில்லை, இதை மறுத்துக் கீழ்வீட்டு மாமி நிகழ்த்திய உரை, மாடிப்படி வெளியீடு, பால் பொங்கும் வாசனை வரும்வரை, இரண்டையும் ஒப்பிட்டுக் காவலாளி இந்தியில் செய்த ரத்தினச் சுருக்கம், கேட் திறக்கும் இடைவெளியில்). இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சான்றுகள் அனைத்தையும் நான் முழுமையாகக் கேட்டேன். மேற்கோள் காட்டிய நூலைப் படித்தவர்கள் கல்விப்புலத்தில் சிறுபான்மையினர். அங்கே ஒரு நூலைக் காட்டுவது அதைப் படித்ததற்கு அடையாளம் ஆகாது. அதன் ஆசிரியர் வாய்மொழித் தேர்வுக்கு வரக்கூடும் என்பதற்கே அடையாளம்.

மருத்துவத் தரப்பையும் தொட்டுச் செல்வோம், வேறு வழியில்லை. முடியின் வேர் தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் ரத்தத்திலிருந்து வருகிறது. வெளியே தெரிவது உயிரற்ற கெரட்டின். அதற்குக் காற்றோட்டம் வேண்டும் என்பது பெஞ்சின் இடக்கோடிக்கு மட்டுமே உரிய கருத்து. ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் பரம்பரையும், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்னும் ஹார்மோனும். பருவமடையும் முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் விளக்கினார். உறுதியான தடுப்புமுறை இது; ஆனால் இதைப் பரிந்துரைக்க எந்தச் சலூனும் முன்வரவில்லை. 1975இல் நார்வுட் வழுக்கையை ஏழு படிநிலைகளாக வகுத்தார். இக்கட்டுரையாளர் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்பது ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

அப்படியானால் ஹெல்மெட்டைக் கழற்றியதும் உள்துணியில் கிடக்கும் முடிகள்? நல்ல தலையிலிருந்தே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிரும். மற்ற நாட்களில் அவை காற்றோடு போகும், சட்டையில் விழும், சாம்பாரில் விழுந்து குடும்பச் சண்டையாகும். ஹெல்மெட் அவற்றைச் சேகரித்து வைக்கிறது. திண்ணையில் பிணம் கிடந்தது என்று வீட்டுக்காரரைக் கைது செய்வதுபோல, அதன்மேல் பழி விழுகிறது. ஹெல்மெட் முழு நிரபராதியும் அல்ல. தேங்காயெண்ணெய் தலையும் வியர்வையும் துவைக்காத உள்துணியும் சேர்ந்தால் பொடுகை வளர்க்கும் மலசீசியா பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. முடியை இறுக்கி இழுத்துக் கட்டும் பழக்கம் நெற்றி ஓரத்திலும் பக்கங்களிலும் முடியைப் பறிக்கும். தலைப்பாகைக்காக இறுக்கிக் கொண்டையிடும் சீக்கியரிடம் இது பதிவாகியுள்ளது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு 129ஆம் பிரிவு ஹெல்மெட்டிலிருந்து விலக்களிக்கிறது. ஆக, முடி இழப்புக்கு மருத்துவச் சான்றுள்ள தலைக்கட்டு சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சான்றில்லாதது அபராதம் கேட்கிறது.

இத்தகைய ஆய்வு விளையாட்டு என்று யாரும் எண்ண வேண்டாம். 2013இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை நிபுணர்கள், ஒத்த இரட்டையரான 92 ஆண்களின் தலைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தினமும் தொப்பி அணிந்தவர்களுக்கு நெற்றிப்பொட்டுப் பக்கம் முடி உதிர்வு குறைவு என்று அதில் கண்டார்கள். முடிக்கான மருந்து, பொருட்களுக்கு அதிகம் செலவழித்தவர்களுக்கு அதே இடத்தில் உதிர்வு அதிகம் என்றும் கண்டார்கள். கொட்டியதால் செலவழித்தார்களா, செலவழித்ததால் கொட்டியதா? என்னுடைய பெட்ரோல் டேங்க் ஆய்வுக்கும் இதே குறைதான். ஆனால் அவர்களுக்குப் புள்ளியியல் தெரியும், எனக்கு மாமியைத் தெரியும்.

ஹெல்மெட் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று, ஹெல்மெட் மரணத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கும் என்கிறது. முழங்கையில் மாட்டினால் எவ்வளவு குறையும் என்று அதில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப மேலாய்வு தேவை, நிதியும் தேவை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஹெல்மெட்டால் முழங்கையில் முடி இழந்த எவரேனும் இருந்தால் போபோடி சவுக்கு மெட்ரோ படிக்கட்டருகே முன்வர வேண்டுகிறேன். சட்டைக் கையை மடித்து வரவும். பாலத்துக்கு அந்தப் பக்கத்தவர் வர வேண்டாம். தேநீர்ச் செலவு ஆய்வாளருடையது. வண்டியில் வருபவர்கள் ஹெல்மெட்டைத் தலையில் போட்டு, தாடைப் பட்டியை மாட்டிக்கொண்டு வந்து சேரவும். சான்று உயிரோடு வந்தால்தான் ஆய்வேட்டில் சேர்க்க முடியும்.