கைங்கரியமும் உத்தியோகமும்

சம்பளமில்லாத வேலையை ஒழுங்காகப் பார்த்தால் சம்பளமுள்ள வேலை தானே வந்து சேரும் என்னும் சித்தாந்தத்தை மேல்நாட்டார்தாம் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார். நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை தொடுத்து, வடபத்ரசாயிக்குச் சாத்துவதைத் தவிர வேறு உத்தியோகம் அறியாத விஷ்ணுசித்தர், வல்லபதேவ பாண்டியன் சபையிலே மகா பண்டிதர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பொற்கிழி தானாகவே தாழ்ந்து வரக் கைக்கொண்டு, யானைமேல் மதுரை வீதிகளில் பவனி வந்து, பெரியாழ்வார் ஆனார் என்பது ஐதிகம். அவர் விண்ணப்பம் எழுதவில்லை. சிபாரிசுக் கடிதம் வாங்கவில்லை. மேலிடத்துச் செல்வாக்கு இருந்ததே என்று ஆக்ஷேபிக்கலாம். அந்தச் செல்வாக்கும் பூக்கூடை சுமந்து சம்பாதித்ததுதானே!

புராண காலம் வேண்டாம் என்பாருக்கு அண்மைக் காலத்திலும் திருஷ்டாந்தம் உண்டு. விருதுநகரில் மாமன் ஜவுளிக்கடையில் உட்காரவைக்கப்பட்ட காமராஜர், கடையைக் கவனிக்காமல் காங்கிரஸ் கூட்டங்களைக் கவனிக்கிறார் என்று கண்ட குடும்பத்தார், அவரைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பிவைத்தார்கள். போன இடத்தில் வைக்கம் சத்தியாக்கிரகம் அவருக்காகக் காத்திருந்தது. சம்பளமின்றித் தொண்டு செய்து, இடையிடையே சர்க்கார் செலவில் சிறையில் சாப்பிட்டு வந்த அத்தொண்டரை, 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1954இல் அவர் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரி. அவருக்கு முன்பே, 1949இல், அப்பதவிக்கு வந்தவர் எங்கள் ராஜபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா. ஆனால், முன்னேற்றம் நாடும் வாலிபர்களுக்கு அவரை நான் உதாரணம் காட்டுவதில்லை. பொதுச்சேவையில் இறங்கி வீடு கட்டியவர்களைக் கண்டு பழகிய நமக்கு, இருந்த வீட்டையும் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவருடைய கணக்கு எளிதில் விளங்குவதில்லை.

பிற்பாடு சர்க்காரே இதற்கு ஒரு முறை வகுத்தது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் மாணவன் உழைக்கவேண்டும். ‘எனக்காக அன்று, உனக்காக’ என்பது அதன் தாரக மந்திரம். முடிவில் தரும் சான்றிதழில் மட்டும் நம் பெயர் இருக்கும்.

நான் பட்டம் பெற்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுத் திண்ணையைத் தேய்த்துக்கொண்டிருந்த நாளில், என் தாய்மாமன், “சும்மா இருக்கிற நேரத்துக்கு நாலு பெரிய மனுஷன் கண்ணுல படுற மாதிரி ஏதாவது செய்யேன்டா, மாப்ளே! ஆடிப்பூரத் தேருக்கு வராத பெரிய மனுஷன் உண்டா?” என்றார். சட்டைப்பையில் தொண்டர் சின்னத்தைக் குத்திக்கொண்டு போய் நின்றேன். மைக் பிடிக்கும் பதவிக்கு ஏகப் போட்டி. பிரமுகர்களை வரவேற்கும் பதவிக்கு அதைவிடப் போட்டி. வடம் பிடிக்கவோ ஊரே திரண்டிருந்தது. எஞ்சியது, ரதவீதி மூலையில் ஒரு பெஞ்சும், காணாமற்போனவற்றைப் பதியும் ஒரு கோடு போட்ட நோட்டும்.

அந்த நோட்டை நான் பொழுதுபோகாமல் மகா சிரத்தையாக எழுதினேன். ‘செருப்பு, ஆண், இடது கால் மட்டும், வார் அறுந்தது.’ ‘பெண் குழந்தை, வயது சுமார் நான்கு, பெயர் பாப்பா, தகப்பனார் பெயர் அப்பா, கையில் பால்கோவா.’ ‘பித்தளைத் தூக்குவாளி ஒன்று, உள்ளே புளியோதரை முக்கால் பாகம்.’ கடைசிப் பதிவுக்கு எதிரே, பகல் இரண்டு மணிக்கு, ‘கெடும் தன்மையுள்ள சரக்காதலால் புளியோதரை மட்டும் தீர்வு செய்யப்பட்டது, வாளி இருப்பு’ என்று எழுதி, தீர்வு செய்த தொண்டர்கள் மூவரும் கையெழுத்திட்டோம்.

தேர் நிலைக்கு வந்தபின், குடையைத் தொலைத்த பெரியவர் ஒருவர் வந்தார். பிடியின் நிறத்தையும் ஒடிந்த கம்பியின் இடத்தையும் சொன்னாலன்றிக் குடை தரமுடியாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சொன்னார், கையெழுத்திடக் குனிந்தவர், நோட்டை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். புளியோதரையில் வந்து நின்றார்.

“இப்படித் தீர்வு எழுதச் சொன்னது யாரு, தம்பி?”

“நான்தாங்க.”

“வீணாப்போன பஞ்சுக்கு இப்படி ஒரு வரி எழுத எங்க கோடௌன்ல ஆள் இல்லை. திங்கட்கிழமை மில்லுக்கு வா.”

அவர் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கணக்கர். நான் வேலையில் சேர்ந்தது அப்படித்தான். மைக் பிடித்தவருக்குப் பொன்னாடையும், பிரமுகர்களோடு ஒரு போட்டோவும் கிடைத்தன.

விழாவுக்கு வரும் பெரிய மனிதர்கள் தரிசனம் கொடுக்க வருகிறவர்களேயன்றி நம்மைத் தரிசிக்க வருகிறவர்கள் அல்லர். நம்மைக் கண்ணைத் திறந்து பார்ப்பவர் குடையைத் தொலைத்தவர் ஒருவரே. ஆகையால், எந்தச் சேவைக்குப் போனால் நல்ல வேலை கிடைக்கும் என்று என் தமக்கை மகன் கேட்டபோது, எந்த இடத்துக்குப் போட்டியில்லையோ அந்த இடத்துக்குப் போ என்று உபதேசித்தேன். புத்திசாலிப் பையன், அன்றைக்கே ஆடிப்பூரத்தில் செருப்புக் காவலுக்குப் பெயர் கொடுக்கப் போனான். அங்கே அவனுக்கு முன்னே இரண்டு எம்.பி.ஏ.க்கள் வரிசையில் நிற்கிறார்களாம்.